கண்ணுக்குத் தெரியாத ஒளியும் கண்ணும்

புற ஊதாக் கதிர் என்பது பள்ளிக்கூடப் பாடத்தில் வருவது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருந்தோம். 2020-ல் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கொரோனா பரவிய அந்த ஆண்டு மே மாதத்தில், டில்லி மெட்காஃப் ஹவுஸில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக்கூடமான 'லாஸ்டெக்', கிருமி நீக்கும் விளக்குத் தூண் ஒன்றைத் தயாரித்தது. ஆறு விளக்குகள், ஒவ்வொன்றும் 43 வாட். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறையைச் சுமார் பத்து நிமிடத்தில் சுத்தம் செய்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. அந்த விளக்கை அறைக்குள் நின்று யாரும் போடக்கூடாது. வெளியிலிருந்துதான் இயக்க வேண்டும். யாராவது தவறிக் கதவைத் திறந்தால் தானே அணைந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். காரணம் எளியது. கிருமியின் மரபுப்பொருளைச் சிதைக்கும் கதிர், நம் தோலையும் கண்ணையும் மட்டும் சும்மா விடாது. கையைச் சுத்தம் செய்ய இவ்விளக்குகளை உபயோகிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு எச்சரித்தது.

டிக்கெட் கவுண்டரிலும் பாங்கிலும் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கும் இந்தக் குடும்பம்தான். ஆனால் சாது. அதன் அலைநீளம் அதிகம், ஆற்றல் குறைவு. குழாயை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

நம்மவர்கள் பயப்பட வேண்டிய இடம் வெல்டிங் பட்டறை. சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரில் மிகக் கொடிய பகுதியை, வானத்தில் உள்ள ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. மாயாபுரியிலோ ஓக்லாவிலோ ஒரு கை தூரத்தில் எரியும் வெல்டிங் பொறிக்கும் நமக்கும் நடுவே அப்படி எந்தப் படலமும் கிடையாது. நம் கறுத்த தோலுக்காவது இயற்கை கொடுத்த கவசம் ஓரளவு உண்டு. கருவிழிக்கு அதுவும் இல்லை.

இந்தக் கதிரின் தந்திரம், அடித்த உடனே வலிக்காது என்பதுதான். பகலில் வேலை பார்த்தவனுக்கு ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணில் மணலைக் கொட்டித் தேய்த்தாற்போல எரியும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, நீர் கொட்டும். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. தாய்ப்பால் விடுவோரும், உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக் கட்டுவோரும் உண்டு. இரண்டும் வேண்டாம். சாதாரணமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆறாவிட்டால் கண் டாக்டரிடம் போக வேண்டும். எய்ம்ஸ் வளாகத்தில் ராஜேந்திர பிரசாத் கண் மையம் 1967 முதல் இருக்கிறது.

ஆறிவிடுகிறதே என்ற தைரியம்தான் ஆபத்து. வெல்டிங்கில் எழும் புற ஊதாக் கதிரைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்து, 2017-ல் பிரான்ஸிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. விழிக்குள் வரும் புற்றுநோயே அதற்கு முக்கியக் காரணம்.

பற்ற வைப்பவர் கையில் கறுப்புக் கண்ணாடிப் பலகையாவது இருக்கிறது. பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்ப்பர் பையனுக்கு அதுவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் அவனுடைய பாதுகாப்பு. நடைபாதையில் வாங்கிய கூலிங்கிளாஸ் இதற்கு உதவாது.

அதிக வெளிச்சத்தால் கண்ணுக்கு ஆபத்து உள்ள வேலைகளுக்குத் தடுப்புத் திரையோ தகுந்த கண்ணாடியோ கொடுக்கும்படி மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 35-ஆவது பிரிவில், எழுதினார்கள். ஆனால் மின்சாரம் உள்ள இடமானாலும் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்றும் அதே சட்டம் சொன்னது. சந்துக்குள் இருக்கும் கிரில் பட்டறையில் முதலாளியையும் சேர்த்து நான்கு பேர்.