இரு தண்டுகளை இணைக்கும் கப்ளிங்



செந்தூல் என்றதும் ரயில்வே பட்டறைதான் நம் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தப் பட்டறையில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். 1945இல் அது விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று, மீண்டும் எழுந்தது, பின்னாளில் அதன் பணிகள் பத்து காஜாவுக்கு மாறின. அத்தகைய பட்டறைகளில் ஃபிட்டர்கள் கற்கும் பாடம் ஒன்றை இன்று பார்ப்போம். நம் ஆலைகளிலும் அது பயன்படும்.

மோட்டார் சுழல்கிறது. அந்தச் சுழற்சி பம்பின் தண்டுக்குப் போக வேண்டும். இரண்டு தண்டுகளையும் பூட்டும் உறுப்பே கப்ளிங். தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் தொல்லையில்லை. ஒன்று சற்று உயர்ந்தோ சாய்ந்தோ இருந்தால்தான் வம்பு. இருவர் ஒரு கம்பில் சுமை தூக்கிச் செல்வதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் நெட்டை, மற்றவர் குட்டை என்றால் சுமை சரிந்து குட்டையானவரின் தோளை அழுத்தும். இயந்திரத்துக்குத் தோள் பேரிங்தான்.

நம் ஆலை மோட்டார்களில் பல நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 முறை சுற்றுகின்றன. எட்டு மணி நேரத்தில் அது ஏழு லட்சம் சுற்று! கோணலாகப் பூட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டு சற்றே வளைந்து நிமிரும். பேரிங் சூடேறும், எண்ணெய் கசியும், ஒருநாள் தண்டே முறியும்.

இதற்குத்தான் வளைந்துகொடுக்கும் கப்ளிங் வந்தது. ஜான் ஓல்டம் என்ற அயர்லாந்துப் பொறியாளர், 1821இல் துடுப்புச் சக்கரக் கப்பல் வேலையின்போது ஒரு வழி கண்டார். இரண்டு தட்டுகளுக்கு நடுவே, வழுக்கி நகரும் மூன்றாவது தட்டு ஒன்றை வைத்தார். தண்டுகள் சிறிது விலகியிருந்தாலும் அந்த நடுத்தட்டு ஈடுகொடுக்கும். இன்று பலவற்றில் அந்த இடத்தில் ரப்பர் இருக்கிறது. சிலவற்றில் செயற்கை ரப்பர். டயர் போன்ற வடிவுள்ள சில கப்ளிங்குகளில் இயற்கை ரப்பர். விடியற்காலையில் நாம் சீவி எடுத்த பால், எங்கோ ஓர் ஆலையில் இரும்பின் அதிர்ச்சியைத் தாங்குகிறது!

ஆனால் ரப்பர் இருக்கிறதே என்று ஏனோதானோவென்று பூட்டக்கூடாது. நாங்கள் முன்பு இருந்த தோட்டத்தில் ஒரு பம்புக்கு அடிக்கடி ரப்பரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கப்ளிங்கின் கீழே கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்ததைத் துடைத்தார்களே தவிர, அது ஏன் கொட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை. பிறகு வந்த ஃபிட்டர் ஒருவர் மோட்டாரின் காலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார். தூள் நின்றது.

இன்னொன்று: குளிர்ந்த நிலையில் நேராக இருப்பது, சூடேறினால் அப்படியே இருக்காது. அரை மீட்டர் உயர எஃகு 40 டிகிரி சூடேறினால், கால் மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடும். தலைமயிரின் கனத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு அது. அனுபவசாலிகள் இதையும் கணக்கில் வைத்தே பூட்டுகிறார்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஒன்று சொல்லி அனுப்புங்கள். கப்ளிங்கின் மேலுள்ள இரும்புக் கூட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டச் சொன்னால் மறுக்க வேண்டும். சட்டைக் கையோ தலைமுடியோ அதில் சிக்கினால் இழுத்துக்கொள்ளக் கண் இமைக்கும் நேரம் போதும்.