27 வயதில் திறக்கும் சந்தை

2010 ஜூலையில் நியூ ஜெர்சி டெவில்ஸ் ஐஸ் ஹாக்கி அணி, இல்யா கோவல்சுக் என்ற ரஷ்ய வீரரோடு 17 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. தொகை 10.2 கோடி டாலர். அப்போது அவருக்கு 27 வயது. ஒப்பந்தம் முடியும்போது 44 ஆகியிருக்கும். அந்த வயதுவரை இந்த ஆட்டத்தில் தாக்குப்பிடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிர்வாகத்துக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். முதல் 10 ஆண்டுகளுக்கு 9.5 கோடி டாலர் என்றும், மீதி 7 ஆண்டுகளுக்கு எல்லாம் சேர்த்து 70 லட்சம் டாலர் என்றும் பிரித்து எழுதியிருந்தார்கள்.

ஆடப்போகாத ஆண்டுகளை ஏன் சேர்க்க வேண்டும்? வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக் 2005-ல் சம்பள உச்சவரம்பைக் கொண்டுவந்தது. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்பது விதி. தொடக்கத்தில் அது 3.9 கோடி டாலர். ஆனால் வரம்புக் கணக்கில் ஏறுவது அந்தந்த ஆண்டில் கொடுக்கும் சம்பளம் அல்ல. மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரி. கோவல்சுக் 1.15 கோடி வாங்கும் ஆண்டிலும் கணக்கில் ஏறுவது 60 லட்சம்தான். அவருடைய முதுமை வெறும் வகுக்கும் எண்ணாகப் பயன்பட்டது.

லீக் இதை ஏற்க மறுத்தது. விசாரித்த நடுவரும் லீக்கின் பக்கமே நின்றார். பிறகு 15 ஆண்டு, 10 கோடி என்று திருத்திய ஒப்பந்தம் கையெழுத்தானது. 2013-ல், முதுமை எட்டிப் பார்க்கும் முன்பே, 30 வயதில் கோவல்சுக் அதை விட்டுவிட்டு ரஷ்ய லீக்குக்குப் போய்விட்டார்.

தந்திரத்தை ஒதுக்கிவிட்டாலும் அடிப்படைக் கேள்வி நிற்கிறது: ஹாக்கி வீரரின் உடல் எப்போது இறங்கத் தொடங்குகிறது?

இந்த ஆட்டத்தில் ஒரு வீரர் களத்தில் தொடர்ந்து இருப்பது ஏறத்தாழ முக்கால் நிமிடம். அந்த நேரத்துக்குள் முழு வேகத்தில் சறுக்கி, மோதி, திரும்பி, இளைக்க இளைக்க வெளியே வந்து உட்கார்வார், அடுத்தவர் இறங்குவார். இப்படி வெடித்துக் கிளம்பும் வேகத்தைத் தருபவை விரைவாகச் சுருங்கும் தசைநார்கள். வயது கூடும்போது மெதுவாகச் சுருங்கும் நார்களைவிட இவையே அதிகம் மெலிகின்றன. பயிற்சி அதைத் தள்ளிப்போடும், தடுக்காது. அதே சமயம் அனுபவம் ஏறிக்கொண்டே போகிறது: பந்துக்குப் பதிலாக இங்கே ஓடும் ரப்பர் வட்டு அடுத்து எங்கே வரும் என்று மூத்த வீரர் முன்கூட்டியே அறிந்து அங்கே போய் நிற்பார். ஏறும் அனுபவமும் இறங்கும் வேகமும் சேர்ந்து அதிகப் பலன் தரும் வயதே உச்சம்.

அந்த வயது எது? ஜேம்ஸ் பிராண்டர், எட்வர்ட் ஈகன், லூயிசா யெங் ஆகியோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி முன்கள வீரர்களின் உச்சம் 27-க்கும் 28-க்கும் இடையில். தடுப்பாட்டக்காரர்களுக்கு 28-க்கும் 29-க்கும் இடையில். முன்கள வீரர் 24 முதல் 32 வயதுவரை தன் உச்சத்தை ஒட்டியே ஆடுகிறார். தடுப்பாட்டக்காரருக்கு இது 34 வரை நீள்கிறது. கோல்கீப்பர்களிடம் வயதால் வரும் வேறுபாடு குறைவு.

இதைக் கணக்கிடுவதில் ஒரு பொறி உண்டு. 38 வயதுக்காரர்களின் சராசரியை எடுத்துப் பார்த்தால் மோசமாகத் தெரியாது. காரணம், மோசமாக ஆடியவர்கள் அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். எஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் முதுமை மென்மையானதாகத் தோன்றும். ஒரே வீரரை ஆண்டுக்கு ஆண்டு பின்தொடர்ந்தால்தான் சரிவு புலப்படும். 52 வயதை எட்டிய பருவத்தில் 80 ஆட்டங்களும் ஆடிய கோர்டி ஹோவும், 39 வயதில் லீக்கின் கோல் சாதனையை முறியடித்த ஓவெச்கினும் நம் நினைவில் நிற்கிறார்கள். அவர்கள் வயதில் ஆடாமல் போனவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

இதைவிடச் சிக்கலானது லீக்கின் விதி. 27 வயதை எட்டிய அல்லது ஏழு பருவங்கள் ஆடி முடித்த வீரர்தான், கையில் உள்ள ஒப்பந்தம் முடிந்ததும், விரும்பிய அணிக்குத் தடையின்றிப் போகலாம். உடல் உச்சத்தைத் தொடும் வேளையில்தான் சந்தை திறக்கிறது. அணிகள் விலை வைப்பது கடந்துவந்த ஆண்டுகளுக்கு. வாங்குவதோ இறங்கப்போகும் ஆண்டுகளை.

இதோடு புள்ளியியலும் சேர்ந்துகொள்கிறது. டேவிட் கிளார்க்சன் 2011-12 பருவத்தில் 30 கோல் அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் ஒரு பருவத்தில் 20 கோலைத் தொட்டதில்லை. ஆனாலும் 2013-ல், 29 வயதில், டொராண்டோ அவருக்கு 7 ஆண்டுக்கு 3.675 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. முதல் பருவத்தில் 60 ஆட்டங்களில் 5 கோல். மா நன்றாகக் காய்த்த ஆண்டைப் பார்த்துவிட்டுத் தோப்பை ஏழு ஆண்டுக்குக் குத்தகை எடுப்பது போன்றது இது. மிகச் சிறந்த ஆண்டில் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அடுத்த ஆண்டு அதிர்ஷ்டம் கழியும், எண்ணிக்கை சராசரிக்குத் திரும்பும்.

மினசோட்டா அணி கொடுத்த விலை இன்னும் பெரிது. 2012-ல் ஜாக் பரீசே, ரயன் சூட்டர் இருவருக்கும் ஆளுக்கு 13 ஆண்டு, 9.8 கோடி டாலர். இருவருக்கும் அப்போது வயது 27. 2021-ல் இருவரையும் பணம் கொடுத்து விடுவித்தது அணி. விளைவாக, 2023-24 பருவத்தில் 8.35 கோடியாக இருந்த உச்சவரம்பில் சுமார் 1.47 கோடி, அணியில் இல்லாத இருவர் பெயரில் முடங்கியது. ஆறில் ஒரு பங்குக்கும் மேல்!

2013-ல் விதிகள் இறுகின. சொந்த வீரருக்கு 8 ஆண்டு, வெளியிலிருந்து எடுப்பவருக்கு 7 ஆண்டு என்று எல்லை வந்தது. சம்பளத்தைக் கடைசி ஆண்டுகளில் பாதாளத்துக்கு இறக்குவதும் தடுக்கப்பட்டது. பழைய நீண்ட ஒப்பந்தங்களில் வீரர் பாதியில் ஓய்வுபெற்றால், அணி அனுபவித்த சலுகையைத் திருப்பிப் பிடிக்கும் தண்டனையும் வந்தது. வான்கூவர் அணியில் 12 ஆண்டு ஒப்பந்தம் போட்ட கோல்கீப்பர் ராபர்ட்டோ லுவோங்கோ 2014-ல் அங்கிருந்து புளோரிடாவுக்கு மாற்றப்பட்டார், 2019-ல் ஓய்வுபெற்றார். அதற்காக வான்கூவரின் கணக்கில் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் டாலர் ஏறியது. 2025-ல் எட்டப்பட்ட புதிய உடன்பாடு எல்லையை 7, 6 ஆண்டுகளாக மேலும் குறைக்கிறது.

நீண்ட ஒப்பந்தத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. உச்சவரம்பு உயர்ந்துகொண்டே போனால், இன்று கனமாகத் தெரியும் தொகை ஐந்தாண்டு கழித்து இலகுவாகும். 2025-26-ல் வரம்பு 9.55 கோடி. ஆனால் அந்தக் கணக்கு எப்போதும் கைகொடுப்பதில்லை. கொரோனா காலத்தில் வரம்பு 8.15 கோடியிலேயே தேங்கியது. வீரர்களின் வயது தேங்கவில்லை.

மூத்த வீரரை வைத்துக்கொள்வதே தவறு என்று இந்த எண்கள் சொல்லவில்லை. டெட்ராய்ட்டின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் தன் கடைசிப் பருவங்களுக்கு ஓராண்டு ஒப்பந்தங்களையே போட்டார். 2011-ல், 41 வயதில், லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை வென்றார். வயதைப் பற்றிய கணக்கு ஆயிரம் பேரின் சராசரியைச் சொல்லும்; தனி ஒருவர் ஏழாவது ஆண்டில் எப்படி ஆடுவார் என்பதைச் சொல்லாது. 40 வயதுக்காரரின் அடுத்த ஆண்டைக் கணிப்பது, 29 வயதுக்காரரின் அடுத்த ஏழு ஆண்டுகளைக் கணிப்பதைவிடச் சுலபம். அணிகளைக் கவிழ்த்தது வீரர்களின் வயதைவிட, ஒப்பந்தங்களின் நீளம்தான்.