உழைத்த சட்டையில் ஒரு போர்வை

அமெரிக்காவின் அலபாமா ராஜ்யத்தில் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட சிற்றூர் ஜீஸ் பெண்ட். அங்கே 1942-ல் மிஸ்ஸூரி பெட்வே என்ற கறுப்பின அம்மாள், காலமான தம் கணவர் வயலில் உடுத்திய துணிகளைக் கிழித்து, மகளையும் உடன் வைத்துக்கொண்டு ஒரு போர்வை தைத்தார். நினைவுக்கும் ஆயிற்று, குளிருக்கும் ஆயிற்று! இவ்வூர்ப் போர்வைகளைத்தான் 2002-ல் நியூயார்க்கின் விட்னி மியூஸியம் சித்திரங்களைப்போல் சுவரில் மாட்டிவைத்தது.

துண்டுகளை ஒட்டுவது நமக்கும் கைவந்த கலைதானே? சிரமமெல்லாம் சட்டத்தில்தான். இரண்டு நீளக் கட்டைகளிலும் அடித்துணியைத் தைத்துப் பிணையுங்கள். அதன்மேல் பஞ்சு, ஒரே கனமாக. அதற்கும் மேலே ஒட்டுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடாவிட்டால் முதல் சலவையிலேயே பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும்.

சட்டத்தில் துணியை மத்தளத் தோலைப்போல் விறைப்பாக இழுத்துவிடாதீர்கள். சற்றுத் தொய்வு இருந்தால்தான் ஊசியைச் சாய்த்து, மூன்று நான்கு தையல் சேர்ந்தாற்போல் எடுக்க வரும். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. கீழ்விரல் ஊசிமுனையைத் தொட்டு உணர்ந்து மேலே திருப்பவேண்டும். விரல் குத்துப்படும், சந்தேகமில்லை! தைத்த பகுதியைக் கட்டையில் சுருட்டிக்கொண்டே போகலாம். தையல் கோணினாலும் பாதகமில்லை. முதல் முயற்சிக்குத் தொட்டில் குழந்தையின் போர்வை அளவே போதும்.