விசாரணை இல்லாத பேச்சு

ஆல்பர்ட் வூ பயிற்சி மருத்துவராக இருந்த காலம். சக மருத்துவர் ஒருவர் ஈ.சி.ஜி.யில் தெரிந்த ஆபத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார். நோயாளியை அன்று இரவே அவசரமாக அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. செய்தி மளமளவென்று பரவியது. 'திறமையில்லாதவர்' என்று கூட இருந்தவர்களே முத்திரை குத்தினார்கள். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் இப்படித்தான் தவறியிருப்பேனோ என்று வூ மனதுக்குள் மட்டும் நினைத்துக்கொண்டார்.

அதை அவர் 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். சிகிச்சை தவறும்போது நோயாளிக்கு அடுத்தபடியாக நொறுங்குபவர் சிகிச்சை தந்தவர் என்பது அவர் வாதம். அப்படி நொறுங்கும் ஊழியர்களுக்குத் துணைநிற்க, பால்டிமோரில் அவர் பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2011இல் 'ரைஸ்' என்ற குழு உருவானது.

செவிலியர்கள், மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள் எனப் பயிற்சி பெற்ற ஊழியர்களே இதில் முறைவைத்துப் பொறுப்பேற்கிறார்கள். அழைப்பு வந்தால் அரை மணி நேரத்துக்குள் திரும்பப் பேசுவார்கள்; 12 மணி நேரத்துக்குள் நேரில் சந்திக்க ஏற்பாடு செய்வார்கள். என்ன நடந்தது, யார் மீது தவறு என்று துருவ மாட்டார்கள். அந்த விசாரணை வேறு இடத்தில் நடக்கும். பேசியது வெளியே போகாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் யார்தான் வாய் திறப்பார்கள்?

துருவாமல் இருப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. அதிர்ச்சிக்குள்ளானவரை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பின்னாளில், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு அதை அலசியபோது, அது பிந்தைய மனப் பாதிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை. துருவிக் கேட்கத் தேவையும் இல்லை: நோயாளி இறந்த வார்டில் மறுபடி நுழைவது எப்படியிருக்கும் என்பது சக செவிலியருக்கு விளக்காமலே புரியும். சக ஊழியரின் பலமே அதுதான். கேட்டவர்களுக்கும் பாரம் ஏறும் என்பதால், சந்திப்புக்குப் பின் குழுவினர் தங்களுக்குள் பேசி அதை இறக்கிவைக்கிறார்கள்.

தொடக்கத்தில் மாதத்துக்குச் சுமார் ஓர் அழைப்புதான் வந்தது. பிறகு அது கூடியது. முதல் 52 மாதங்களில் மொத்தம் 119 அழைப்புகள் வந்தன. அவற்றால் பயனடைந்தவர்கள் சுமார் 500 பேர். அழைத்தவர்களில் பாதிக்கு மேல் செவிலியர்கள்.

மனிதாபிமானக் கணக்கு நிர்வாகங்களின் காதில் சட்டென்று ஏறாது. அவர்களுக்குப் புரியும் கணக்கையும் ஆய்வாளர்கள் போட்டார்கள். வேலையை விட்டுப் போவதும் விடுப்பும் குறைவதால் மருத்துவமனைக்கு ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் டாலர் மிச்சமாகலாம் என்றது அந்த மதிப்பீடு.