நொச்சி சூடியவர்கள்

தடிமன், காய்ச்சல் என்றால் நொச்சி இலை அவித்து வேது பிடிப்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் பழகிய வழக்கம். மருந்தாக நாம் அறிந்த இந்த நொச்சி, பழந்தமிழ்ப் புலவர்களுக்கு ஒரு போரின் பெயர். மதிலை முற்றுகையிடுவோர் உழிஞை சூடினர். உள்ளே நின்று காப்போர் நொச்சி சூடினர். தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைத் திணையுள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணையாக்கியது.

ஆனால், பூவின் பொருள் இலக்கணத்தோடு முடிந்துவிடுவதில்லை. புறநானூற்றின் 271ஆம் பாடலில் வெறிபாடிய காமக்கண்ணியார் இரு காட்சிகளை அடுத்தடுத்து வைக்கிறார். முன்பு, இளமகளிர் நொச்சியைத் தழையுடையாக அணிந்திருந்தனர். இப்போதோ, வெட்டுண்ட வீரனின் நொச்சிமாலை குருதியில் தோய்ந்து உருமாறிக் கிடக்கிறது; ஊனென்று எண்ணிப் பருந்து அதைத் தூக்கிச் செல்கிறது.

நேயர்களே, இங்கே வீரனின் மறத்தைப் புலவர் குறைத்துச் சொல்லவில்லை, ஒப்பாரியும் வைக்கவில்லை. பூ மாறவில்லை, அதை அணிந்த உடல்தான் மாறியது. ஊர் இழந்தது என்ன என்பது அந்த ஒரு மாற்றத்திலேயே தெரிந்துவிடுகிறது. பூ குறியீடாவது இப்படித்தான். 1995இன் இடப்பெயர்வைக் கண்ட குடாநாட்டாருக்கு இப்பாடலுக்கு நீண்ட உரை தேவைப்படாது.