கணினிப் பகிடிகள்

மலைநாட்டுச் சிங்கள மக்கள் அந்தரே என்னும் விகடகவியின் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். தமிழர்க்குத் தெனாலிராமன் எவ்வாறோ, அவ்வாறே அவர்க்கு அந்தரே. கண்டியில் 1747 முதல் 1782 வரை அரசோச்சிய நாயக்க மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் அவையில் அவன் இருந்தான் என்று ஒரு மரபு கூறும். அவனைப் பற்றிய கதைகளுள் ஒன்று மிகவும் பெயர்பெற்றது. அரசி ஒருநாள் அந்தரேயின் மனைவியைக் காண விரும்பினாள். "அவளுக்குக் காது கேளாது, தேவியார் உரக்கப் பேசவேண்டும்" என்று அரசியிடம் விண்ணப்பித்துக்கொண்ட அந்தரே, வீட்டுக்குச் சென்று, "அரசியாருக்குக் காது கேளாது, நீ உரக்கப் பேசு" என்று மனைவியிடமும் சொல்லிவைத்தான். இரு பெண்களும் சந்தித்தனர். அரண்மனையே அதிரும்படி ஒருவரை ஒருவர் நலம் விசாரித்தனர். ஏதோ பெருஞ் சண்டை மூண்டுவிட்டது என்று அஞ்சி ஓடிவந்த மன்னன், உண்மையை அறிந்து வயிறு குலுங்கச் சிரித்தான் என்பது கதை.

இக்கதையில் அந்தரே எந்தப் பொருளையும் தொடவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். இருவர் காதுகளும் முன்போலவே நலமாக இருந்தன. மாறியது ஒன்றே: ஒருவர் மற்றவரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம். இன்று கணினி அறிந்த இளைஞர்கள், அதனை அதிகம் அறியாத உறவினரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் செய்து காட்டும் விளையாட்டுகளை ஆராய்ந்தால், அவற்றுள் பெரும்பாலானவை அந்தரேயின் வழியையே பின்பற்றுகின்றன என்பது புலனாகும். கணினி பழுதாவதில்லை. பழுதானதாக எதிரில் இருப்பவர் நம்புகிறார், அவ்வளவே.

இவ்வாறு நம்புவதற்குக் காரணம் என்ன? கணினித் திரையில் தோன்றுவது அனைத்தும் படம். கோப்புகளைக் குறிக்கும் சிறு சின்னங்களும், அழுத்துவதற்குரிய பொத்தான்களும், எச்சரிக்கைப் பலகைகளும் படங்களே. பழகியவர் இதனை உணர்வர். புதிதாக வந்தவரோ, மேசையின் இழுப்பறையைப் போலவும் கதவின் கைப்பிடியைப் போலவும் அவற்றைத் திண்ணிய பொருள்களாகவே கொள்வர். இந்த வேறுபாட்டின் மேல் எழுந்த விளையாட்டொன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. திரையின் முகப்பை அப்படியே படமாகப் பிடித்து, அப்படத்தையே பின்னணியாக அமைத்து, பின்னர் உண்மையான சின்னங்களை மறைத்துவிடுவார்கள். கணினிக்கு உரியவர் வந்து அமர்கிறார். சின்னங்கள் வழக்கமான இடத்தில் வழக்கம்போல் தெரிகின்றன. எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் திறப்பதில்லை. சுவரில் எழுதிய ஓவியக் கதவைத் தட்டுபவரின் நிலை அவருடையது.

மவுஸின் அடியில் இருக்கும் ஒளிக்கண்ணின் மீது சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுவது இன்னொன்று. அந்தக் கண், தான் ஊர்ந்து செல்லும் மேசைப் பரப்பை ஒரு விநாடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள மாற்றத்தைக் கொண்டே கை எத்திசையில் நகர்ந்தது என்று கணிக்கின்றது. கண்ணை மூடினால் கணிப்பு நின்றுவிடும். சில கணினிகளில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரை தலைகீழாகிவிடும். அதே விசைகளுள் அம்புக்குறியை மட்டும் மாற்றி அழுத்தினால் நிமிர்ந்துவிடும். இவையெல்லாம் ஒரு நிமிடத்தில் தீரும் சங்கதிகள்.

தமிழில் தட்டெழுதுவோரிடம் செய்யப்படும் பகிடி ஒன்று உண்டு. அது இவ்வளவு எளிதில் விடுபடக்கூடியதன்று. ஆகவே சற்று விரிவாக அறியத்தக்கது. கண்டி நகரில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் அச்சகம் ஒன்றை மனத்தில் கொள்ளலாம். அங்கே பாமினி என்னும் எழுத்துருவில் தட்டெழுதிப் பல்லாண்டு பழகிய முதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் தேநீர் அருந்தச் சென்ற வேளையில், பயிற்சிக்கு வந்த இளைஞன் எழுத்து முழுவதையும் தெரிவுசெய்து, எழுத்துருவின் பெயரைப் பாமினியிலிருந்து ஆங்கில எழுத்துரு ஒன்றுக்கு மாற்றிவிடுகிறான். திரும்பி வந்தவர் காண்பது மணமகன் பெயருமன்று, முகூர்த்த நேரமுமன்று. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடக்கும் காட்சியே. அரைநாள் உழைப்பு அழிந்தது என்று அவர் நெஞ்சு திடுக்கிடும்.

உண்மையில் ஓர் எழுத்தும் அழியவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இருக்கைகளில் தமிழ் எழுத்துகளின் உருவங்களை உட்கார வைத்தவை. ஜே என்னும் எழுத்தின் இருக்கையில் தகரம் அமர்ந்திருக்கும். கே இருக்கையில் மகரம். பீ இருக்கையில் இகரக் கொக்கி. ஓ இருக்கையில் ழகரம். அரைப்புள்ளியின் இருக்கையில் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே 'தமிழ்' என்று அவர் எழுதியபோது கணினி தன்னுள் பதிந்துகொண்டது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்பனவற்றையே. பாமினி என்னும் வேடத்தை அணிவித்தால் அது தமிழாகத் தோன்றும். வேடத்தைக் களைந்தால் உள்ளிருந்த ஆங்கிலம் வெளிப்படும். மீண்டும் முழுவதையும் தெரிவுசெய்து பாமினி என்று குறித்துவிட்டால், முகூர்த்தமும் மணமகனும் தத்தம் இடத்துக்கு வந்துவிடுவர். தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் வழங்கிய யூனிகோட் முறை 1991இல் வெளிவந்தது. அம்முறையில் எழுதியவற்றிடம் இப்பகிடி பலிக்காது. எனினும் பாமினிப் பழக்கம் அச்சகங்களிலிருந்து முற்றாக நீங்கிவிடவில்லை.

இங்கு இன்னொன்றும் நிகழக்கூடும். அதிர்ச்சியுற்ற முதியவர், குழம்பிய கோப்பைப் பாதுகாக்கலாகாது என்று கருதி, சேமிக்காமலே மூடிவிடலாம். அவ்வாறாயின் காலையிலிருந்து எழுதியது மெய்யாகவே போய்விடும். இளைஞன் அருகில் நின்று, "ஐயா, பொறுங்கள், நான்தான் மாற்றினேன்" என்று சொல்லிவிட்டால் அது விளையாட்டு. அவன் கடைவீதிக்குப் போய்விட்டிருந்தால் அதே செயல் நட்டமாகிறது. செயல் ஒன்றே, செய்தவன் அறையில் இருந்தானா இல்லையா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது.

அறையை விட்டு வெளியேறிய பகிடிகளின் வரலாறு கணினியின் வரலாற்றோடு ஒட்டியே வளர்ந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்கிரென்டா என்னும் பதினைந்து வயது மாணவன், நண்பர்களுக்குக் கொடுக்கும் வட்டுகளில் குறும்பு செய்வதில் வல்லவன். நண்பர்கள் எச்சரிக்கையடைந்து அவனிடம் வட்டு வாங்குவதையே நிறுத்திவிட்டனர். அதன்பின் 1982இல் அவன் எழுதிய எல்க் குளோனர் என்னும் நிரல், வட்டிலிருந்து வட்டுக்குத் தானே தாவியது. ஐம்பதாவது தடவை கணினியை இயக்கும்போது ஒரு சிறு செய்யுளைத் திரையில் காட்டியது. அதில் நகைப்புக்கு மேல் நோக்கம் இல்லை. ஆயினும் ஸ்கிரென்டாவின் பெயரைக் கேட்டேயிராதவர் வட்டுகளிலும் அது புகுந்தது. 1986இல் இலாகூரில் அல்வி சகோதரர் இருவர் எழுதிய பிரெய்ன் என்னும் நிரலும் அவ்வாறே கடல் கடந்தது; ஆனால் அவர்கள் அதனுள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்திருந்தனர்! 1988 நவம்பர் 2ஆந் தேதி அமெரிக்க மாணவர் இராபர்ட் மோரிஸ் விடுத்த நிரலோ, ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியது என மதிப்பிடப்பட்டது. தீங்கு செய்யும் நோக்கம் தமக்கில்லை என்று அவர் கூறினார். ஒரே கணினியில் அது மீண்டும் மீண்டும் குடியேறும்படி அவர் வைத்த கணக்கு பிழைத்துப்போயிற்று. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றே தீர்த்தது.

நிரல் எழுதும் அறிவும் தேவைப்படாத பகிடி ஒன்று 2002இல் மின்னஞ்சல் வழியே உலகைச் சுற்றியது. உங்கள் கணினியில் கரடிப் பொம்மைச் சின்னம் பொறித்த கோப்பு ஒன்று இருந்தால் அது நச்சுநிரல்; உடனே அழித்துவிட்டு நண்பர்களுக்கும் அறிவியுங்கள் என்பது அதன் செய்தி. தேடியவர் பலரும் கரடியைக் கண்டனர். ஏனெனில் அது அக்கால விண்டோஸ் கணினிகளில் இயல்பாகவே இருந்த கோப்பு. தம் கையாலேயே அதனை அழித்தனர். நல்லெண்ணத்தோடு நண்பர்க்கும் எழுதினர். இதனைத் தொடங்கியவன் எந்த அறையிலும் இல்லை. ஏமாந்தவரே அடுத்தவரை ஏமாற்றும் தூதராகினர்.

இலங்கைத் தமிழில் பகிடிவதை என்றொரு சொல் உண்டு. பல்கலைக்கழகத்தில் புதிய மாணவரை மூத்தோர் படுத்தும் பாட்டை அது குறிக்கும். பகிடியும் வதையும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து நிற்பது எத்துணைப் பொருத்தம்! பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில வந்த மாணவர் ஒருவர் 1997இல் பகிடிவதைக்குப் பலியானார். அதற்கடுத்த ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்தது. கணினியைப் பொறுத்தமட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு. அதிகாரமின்றிப் பிறர் கணினியுள் நுழைவதும், அதில் உள்ளவற்றை அதிகாரமின்றி மாற்றும் செயலை அறிந்தே செய்வதும் அச்சட்டப்படி குற்றங்கள். வேடிக்கைக்காகச் செய்தேன் என்பவர்க்கெனத் தனிக் கணினி ஒன்றையும் அச்சட்டம் ஒதுக்கவில்லை. தம்பியின் மடிக்கணினியில் செய்வது வேறு. அலுவலகத்தில் உடன் பணிபுரியும் இலிகிதரின் மேசையில் செய்வது வேறு.

சட்டத்திற்கு எட்டாத தீங்கும் ஒன்றுண்டு. 2005 முதல் நெனசல என்னும் பெயரில் நாடெங்கும் கிராமங்களில் கணினி நிலையங்கள் அமைக்கப்பட்டபோது, வாழ்வில் முதன்முறையாக மவுஸைத் தொட்ட முதியோர் பலர். தோட்டத்துப் பாட்டி கைபேசியில் வெளிநாட்டுப் பேரனின் முகம் காண்பது இன்று வியப்பன்று. இத்தகையோர்க்குக் கணினி ஏற்கெனவே அச்சம் தரும் பொருள். திரை தலைகீழானால் 'யாரோ விளையாடிவிட்டார்' என்று அவர்கள் எண்ணுவதில்லை; 'நான் எதையோ உடைத்துவிட்டேன்' என்றே எண்ணுவர். அருகிருப்போர் சிரித்தும் காரணத்தைச் சொல்லாது போனால், அந்த எண்ணம் வெட்கமாக மாறும். மறுநாள் அவர்கள் கணினியின் பக்கம் வரமாட்டார்கள். வங்கிப் படிவத்தை நிரப்பவும் பிறர் கையை எதிர்பார்ப்பார்கள்.

பகிடிக்காரரின் இதே நுணுக்கங்களை மோசடிக்காரரும் கையாளுகின்றனர். திடீரெனத் திரை முழுவதும் சிவந்து, உங்கள் கணினியை நச்சுநிரல் தாக்கியுள்ளது, உடனே இந்த இலக்கத்தை அழையுங்கள் என்னும் அறிவித்தல் தோன்றும். அதுவும் ஓவியக் கதவே. திரையில் தெரிவதை மெய்யென்று கொள்ளும் பழக்கம் சினத்தோடும் அச்சத்தோடும் கலந்துவிட்டால் விளைவு எவ்வளவு கொடிது என்பதைக் கண்டிப் பகுதி 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அனுபவித்தது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சாரதி ஒருவர் இறந்ததை அடுத்து, திகணவிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முஸ்லிம்களின் உணவகங்களில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்படுகிறது என்னும் பொய், அதற்குச் சில நாள் முன்னரே அம்பாறையிலிருந்து காணொளியாகக் கைபேசிதோறும் பரவியிருந்தது. அது பகிடியன்று, பகிடி என்று எவரும் சொல்லவும் துணியார். அரசாங்கம் அவசரகால நிலையைப் பிறப்பித்து, மார்ச் 7ஆந் தேதி முதல் சில நாட்கள் சமூக ஊடகங்களை முடக்கியது. தன் தளம் இவ்வன்முறைக்கு இடமளித்தமைக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. அதற்குள் இரண்டாண்டுகள் கழிந்துவிட்டன.

இவ்வளவையும் நோக்க, வீட்டுப் பகிடிகளை அடியோடு விலக்க வேண்டும் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அது தேவையற்றது. திரை வெறும் படமே என்பதை முதியவர் ஒருவர்க்கு நூறு சொற்களால் விளக்குவதிலும், அவர் கண்ணெதிரே முகப்பைப் படமாக்கிச் சின்னங்களை மறைத்துக் காட்டுவது விரைவில் விளங்கும். பின்னர் அவர் கையாலேயே அதனைச் செய்யச் சொல்லலாம். பெரும்பாலும் அவர் அதனைத் தம் மருமகனிடம் செய்து பார்ப்பார். ஓவியக் கதவு ஒன்றைத் தாமே எழுதியவர்க்குச் சிவந்த திரை தோன்றும் நாளிலும் கை அவ்வளவு நடுங்காது. அப்போது செய்ய வேண்டியவை சிலவே. விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், திரையை நிறைத்திருந்த பக்கம் பெரும்பாலும் சிறுத்து, மூடுவதற்குரிய குறி வெளிப்படும். அதற்கும் மசியாவிடில் கணினியை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கலாம். மீண்டும் இயக்கியபின் பழைய பக்கத்தைத் திறக்கட்டுமா என்று அது கேட்டால், வேண்டாம் என்று விடையிறுத்தல் வேண்டும். திரையில் கண்ட இலக்கத்தை எக்காரணம் கொண்டும் அழைக்கலாகாது.