விலை குறைந்த விருந்து

விருந்தென்னுஞ் சொல்லுக்குப் புதுமையே முதற்பொருள். புதிதாய் வந்தோரை அது பின்னர்க் குறித்தது. நியூயோர்க் நகரத்து உணவகத்தார் 1992ஆம் ஆண்டிற் கைக்கொண்ட உபாயமும் புதியோரை அழைப்பதே. சனநாயகக் கட்சி மாநாடு அங்கே கூடிய வேளை, உயர்தர உணவகங்கள் பல, மும்முறை பரிமாறும் நண்பகலுணவை 19 டொலர் 92 சதத்துக்கு வழங்கின. ஆண்டின் எண்ணே விலையெண்ணாயிற்று! சில நாளைக்கென எழுந்த அவ்வழக்கம் இன்று ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகின்றது.

உண்போர்க்கு இதனால் நயமில்லையென்றல் தகாது. வாயிலளவில் நின்று மீண்டோரும் உள்ளே அமரலாயினர். ஆயினும் பானமும், வரியும், பரிமாறுவோர்க்கு வழமையாகக் கொடுக்குஞ் சந்தோஷப்பணமும் குறித்த விலையுள் அடங்கா. தெரிவுஞ் சுருங்கும். சமையலாளருக்குப் பேர் தந்த பண்டம் அச்சிறு பட்டியலில் இல்லாதிருப்பதுண்டு. அதன் இடத்திற் கோழியிறைச்சி வந்து நிற்கும். திரட்டு நூலைக் கற்றவன் மூலநூலைக் கற்றவனாகான் என்று மாணாக்கர்க்கு நாம் சொல்வதில்லையா? எனினும், திரட்டின் வழியே மூலத்தை நாடியோரும் பலர்.

செல்ல விரும்புவோர் அன்றாட விலைப்பட்டியலை முதலில் வாங்கி நோக்குக. இரு விலைக்கும் வேற்றுமை சிறிதாயின், கூட்டமில்லாத வேறொரு நாளிற் சென்று, விரும்பிய பண்டம் ஒன்றை மாத்திரம் ஆறுதலாக உண்டு வரலாம்.